இரண்டு திறப்புக் கணினியும் கடைசி வாய்க்காலும்

அருந்ததிக்கு லினக்ஸ் வந்த விதமும் மூட்டுவலி வருகிற விதமும் ஒன்றுதான். எப்போது தொடங்கியது என்று திட்டமாகச் சொல்லமுடியாது. வந்த பிறகு போவதில்லை.

சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பிய காலத்தில் கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் அவருக்குத் தரவு பதிகிற வேலை கிடைத்தது. அந்த அலுவலகத்தின் மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி இரைந்துகொண்டே இருக்கும். நிறுவனத்தின் கோப்புகள் எல்லாம் அதற்குள். அதைக் கவனித்துக்கொண்ட வெள்ளைக்காரர் நத்தார் விடுமுறைக்குப் போனவர் போனவர்தான். அதன் பிறகு பெட்டி நின்றுபோகும்போதெல்லாம் எல்லோரும் அருந்ததியைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய காரணம் ஒன்றுமில்லை, அவர் உட்காருகிற கதிரை பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. பெட்டிக்குள் இருப்பது லினக்ஸ் என்கிற இயங்குதளம், அதை யாரும் காசுக்கு விற்பதில்லை, யாரும் எடுத்துக்கொள்ளலாம், பழுதானால் கேட்பதற்கும் யாரும் இல்லை என்பதை எல்லாம் அவர் தெரிந்துகொண்டது இந்த ஒழுங்கில்தான்.

நிறுவனம் மூட்டைகட்டி வெளிக்கிட்டபோது ஊருக்கு மிஞ்சியவை சில பெயர்ப்பலகைகள், சில தண்ணீர்த் தாங்கிகள், லினக்ஸ் தெரிந்த ஒரு பெண். பெயர்ப்பலகைகளை ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரையாகப் போட்டார்கள். அருந்ததியை உருத்திரபுரத்தில் ஒரு கமக்கார அமைப்பின், அதாவது விவசாயிகள் சங்கத்தின், அலுவலகத்தில் போட்டார்கள். கூரைகள் இன்றைக்கும் ஒழுகாமல் நிற்கின்றன. அருந்ததியின் கதை கொஞ்சம் சிக்கலானது.

அந்த அமைப்பின் கீழ் நான்கு வாய்க்கால்கள். சிறுபோகத்தில், மழையில்லாத பயிர்ப் பருவத்தில், குளத்துத் தண்ணீர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காணாது என்பதால் முறை வைத்து விடுவார்கள். முதலாம் வாய்க்காலில் தொடங்கிக் கடைசி வாய்க்காலில் முடியும். ஒரு வருடம் யாரோ ஒரு புண்ணியவான் "இண்டைக்கு உங்கட முறை" என்று பொய்யாகச் சொல்லிவிட, இரண்டு வாய்க்கால்காரர்கள் மண்வெட்டிகளோடு ஒரே வாய்க்கால் கதவடியில் சந்தித்துக்கொண்டார்கள். ஒரு தலைக்குத் தையல் போடவேண்டி வந்தது.

அதற்குப் பிறகுதான் கனடாவில் இருக்கிற ஊரவர்கள், "எங்களூர் ஒன்றியம்" என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள், ஒரு கணினியை அன்பளிப்புச் செய்தார்கள். அதில் லினக்ஸ் போட்டிருந்தது. பக்கத்தில் சிம் அட்டை போட்ட ஒரு டொங்கிள். தண்ணீர் முறைத் திட்டத்தைப் பருவத் தொடக்கத்தில் ஏற்றிவிட்டால், எந்த வாய்க்காலுக்கு எப்போது முறையோ அந்த வாய்க்கால்காரர்களின் கைப்பேசிக்கு அதுவாகவே செய்தி அனுப்பும். "நாளை காலை ஏழு மணிக்கு உங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர்" என்று வரும். வேறு வர்ணனை இருக்காது.

கணினியின் செய்தி வராமல் எந்த வாய்க்காலின் கதவையும் திறக்கக்கூடாது என்ற தீர்மானத்தைப் பொதுக்கூட்டத்தில் கொண்டுவந்தவரே அருந்ததிதான். ஒருமனதாக நிறைவேறியது. ஒருமனதாக நிறைவேறுகிற தீர்மானங்களைக் கண்டால் ஆள் கொஞ்சம் தள்ளி நிற்கவேண்டும் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

இனிக் கணினியின் திறப்புக்கு வருவோம். லினக்ஸில் ரூட் என்று ஒரு பயனர் உண்டு. எல்லா அதிகாரமும் அவருக்கே. மற்றவர்கள் அவர் அனுமதித்ததைச் செய்யலாம், அனுமதிக்காததைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம். அன்பளிப்பைக் கையளிக்கக் கோயில் திருவிழாவோடு சேர்த்து ஊருக்கு வந்திருந்த இரண்டு பேர், ஒன்றியத் தலைவர் செந்தூரனும் செயலாளர் நிஷாந்தனும், ரூட்டின் கடவுச்சொல்லை யார் வைத்திருப்பது என்று யோசித்தார்கள். ஊர்ப் பிள்ளையார் கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டு. ஒரு திறப்புத் தலைவரிடம், மற்றது செயலாளரிடம். இருவரும் வந்தால்தான் திறக்கலாம். அப்பன் பாட்டன் காலத்து ஏற்பாடு, இன்றுவரை ஒரு சதம் போனதில்லை. பிறகென்ன? கடவுச்சொல்லின் முதற்பாதியைச் செந்தூரன் தட்டினார். அப்போது நிஷாந்தன் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்பாதியை நிஷாந்தன் தட்டினார்; செந்தூரன் கலண்டரைப் பார்த்தார். அருந்ததியை வெளியே போய் நிற்கச் சொன்னார்கள். அவருக்குக் கொடுக்கப்பட்டது ஒரு சாதாரணப் பயனர் கணக்கு.

அடுத்த வருடம் ஒன்றியம் இரண்டாக உடைந்தது. ஒன்று "எங்களூர் ஒன்றியம்", மற்றது "எங்களூர் மக்கள் ஒன்றியம்". ஏன் உடைந்தது என்று கேட்காதீர்கள். உடைந்தவர்களுக்கே இன்னும் இரண்டு கருத்து இருக்கிறது.

இந்தச் சிறுபோகத்தில், பயிர் குடலைப் பருவத்துக்கு, கதிர் உள்ளே திரளுகிற பருவத்துக்கு, வந்த கிழமை, திங்கட்கிழமை காலையில் அருந்ததி கணினிக்கு முன் இருந்தபோது அது இடமில்லை என்றது. வட்டு முழுக்க நிரம்பியிருந்தது. தேடிப் பார்த்ததில் காரணமும் தெரிந்தது. சிக்னல் குறைவான இடம் என்பதால் டொங்கிள் நொடிக்கொரு தடவை கைப்பேசிக் கோபுரத்தைக் காணோம் என்று முறையிட்டிருக்கிறது. லினக்ஸ் அந்த முறைப்பாட்டை எல்லாம் ஒன்று விடாமல் ஒரு பதிவுக் கோப்பில் எழுதி வைத்திருக்கிறது. உலகத்திலேயே முறைப்பாட்டை இவ்வளவு ஒழுங்காகப் பதிகிற அலுவலகம் அது ஒன்றுதான். வட்டு நிரம்பியதும் செய்தி அனுப்புகிற வேலை நின்றுவிட்டது. முதல் மூன்று வாய்க்கால்களுக்கும் செய்தி போய், தண்ணீரும் பாய்ந்து முடிந்திருந்தது. கடைசி வாய்க்காலுக்கு முறை வியாழக்கிழமை காலை. தவறினால் அடுத்த முறை வரப் பத்து நாள். குடலைப் பயிருக்குப் பத்து நாள் தண்ணீர் இல்லையென்றால் பிறகு வருவது தண்ணீராக இருந்தால் என்ன, பாலாக இருந்தால் என்ன.

அந்தக் கோப்பை அழித்தால் போதும். ஒரு வரி வேலை. ஆனால் கோப்பு ரூட்டுக்குச் சொந்தம். அருந்ததி அழிக்கச் சொன்னார். உமக்கு அனுமதியில்லை என்று அது சொன்னது. தன்னுடைய கணக்கில் இருந்த படங்கள், மகளின் பள்ளிக்கூட நிகழ்ச்சி வீடியோ எல்லாவற்றையும் அழித்து இடம் பண்ணினார். பிளேன்ரீ ஒன்று குடித்துவிட்டு வந்து பார்த்தபோது அந்த இடத்தையும் முறைப்பாடுகள் நிரப்பியிருந்தன.

அமைப்பின் தலைவர் கனகலிங்கத்திடம் போனார்.

"ஐயா, ரூட் பாஸ்வேட் வேணும். இல்லாட்டி நான் வேற வழியால உள்ளுக்குப் போகவேணும்."

"வேற வழி இருக்கோ?"

"ஓம். நிப்பாட்டித் திருப்பித் தொடக்கேக்க முதல் திரையில ஒரு வரியில சின்ன மாற்றம் செய்தால், பாஸ்வேட் கேக்காமலே உள்ள விடும். மெசினுக்குப் பக்கத்தில இருக்கிற ஆருக்கும் ஏலும்."

கனகலிங்கத்தின் முகம் கறுத்தது. "அப்ப பூட்டு எண்டு ஒண்டு இல்லையோ?"

"தூரத்தில இருக்கிற ஆக்களுக்குத்தான் பூட்டு."

"பிள்ளை, இது உண்டியலை உடைக்கிற கதையெல்லே. அவங்கள் கனடாவில இருந்து என்ன நினைப்பாங்கள்? லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் ஒண்டு தாறம் எண்டு வேற சொல்லியிருக்கிறாங்கள். நீ முறையாக் கேள்."

"ஆரிட்டக் கேக்கிறது? அவை ரெண்டு பேரும் கதைக்கிறதில்லையே."

"ரெண்டு பேரிட்டயும் கேள். தனித்தனியாக் கேள்."

அதற்கிடையில் கடைசி வாய்க்காலின் வீரகத்தி அலுவலகத்துக்கு வந்தார். குத்தகைக்கு எடுத்த வயல், போன போகமும் சரிவராத ஆள். கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை.

"பிள்ளை, வியாழன் முறை எண்டினம். எனக்கு மெசேஜ் வரேல்லை."

"முறை வியாழன்தான் அண்ணை. நான் சொல்லுறன். நீங்கள் வரம்பு கட்டி ஆயத்தமா இருங்கோ."

வீரகத்தி அவரை இரக்கத்தோடு பார்த்தார். "நீ சொல்லுறாய். நான் நம்புறன். கதவுக்காரன் நம்போணுமே."

கதவுக்குப் பொறுப்பு நிருஷன். வாய்க்கால் கதவுகளின் திறப்புக் கோர்வையை அரைஞாண்போல இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறவன். அருந்ததி அவனை அழைத்துக் கேட்டார்.

"அக்கா, எனக்கும் சேர்த்துத்தானே மெசேஜ் வாறது. வந்தால் திறப்பன்."

"நான்தானேயடா அந்த மெசேஜை அனுப்புற ஆள்."

"நீங்கள் இல்லை அக்கா, மெசின். தீர்மானத்தில அப்பிடித்தான் கிடக்கு. நீங்கள்தானே வாசிச்சனீங்கள்."

செவ்வாய்க்கிழமை முழுக்கக் கனடாவோடு போனது. இங்கே பகல் என்றால் அங்கே படுக்கை; அங்கே எழும்பினால் வேலை; வேலை விட்டால் வாகன நெரிசல். செந்தூரன் நெரிசலுக்குள் இருந்து கதைத்தார்.

"அக்கா, நான் தரமாட்டன் எண்டு சொல்லேல்லை. முதல்ல அவன் தரட்டும்."

"தம்பி, இஞ்ச பயிர் காயுது."

"விளங்குது. ஆனா நான் முதல் குடுத்தால் நான் இறங்கிப்போன மாதிரி. எங்கட ஆக்கள் கேள்வி கேப்பினம்."

நிஷாந்தன் தாராளமானவர். "அக்கா, நான் இப்பவே தாறன். ஒரு விசயம், நான் தந்ததெண்டு அவனுக்குத் தெரியக்கூடாது. மற்றது, மெசின் திருந்தினாப் பிறகு முகநூலில எங்கட மக்கள் ஒன்றியம் திருத்தினதெண்டு ஒரு படம் போடோணும்."

"ஓம் ஓம், போடுறம். சொல்லுங்கோ."

நிஷாந்தன் கொடுத்துவிட்டார் என்று அருந்ததி செந்தூரனிடம் மறைமுகமாகச் சொன்னார். மறைமுகம் என்பது "தம்பி, மற்றப் பக்கம் பிரச்சினை இல்லை" என்பது. அரைநாள் கழித்துச் செந்தூரனின் பாதியும் வந்தது. இரண்டையும் சேர்த்துத் தட்டினார். பிழை என்றது. மாற்றிச் சேர்த்தார். பிழை. தொடக்க எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கணினி கொஞ்சம் யோசிப்பது போல நின்றுவிட்டுப் பிழை என்றது. அந்த யோசிப்புத்தான் அவருக்கு எரிச்சல். இல்லையென்று உடனே சொல்லித் தொலைக்கலாம்.

மறுபடி நிஷாந்தன். "அக்கா, நீங்கள் சரியாத்தான் அடிச்சனீங்களோ?"

"தம்பி, உங்களுக்கு நல்ல நினைவோ?"

நிஷாந்தன் குரலைத் தாழ்த்தி, "உண்மையைச் சொன்னால் அக்கா, அவன் கலண்டரைப் பாக்கிற மாதிரி நிண்டு கடைக்கண்ணால பாத்தவன். அதால நான் சரியான கெதியா அடிச்சனான். என்னத்தை அடிச்சனெண்டு எனக்கே வடிவாத் தெரியாது" என்றார்.

கோயில் உண்டியலின் திறப்பு இரும்பு. அது மறக்காது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாடுகளும் மூன்று நாட்களும் தேவைப்பட்டன.

புதன்கிழமை பிற்பகல் அருந்ததி கனகலிங்கத்தை அலுவலகத்துக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னார். கனகலிங்கம் கணினியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"நான் சந்திக்குப் போய் ஒரு ரீ குடிச்சிட்டு வாறன். வரேக்க இது தானாச் சரியாகியிருந்தால் நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

"தானா எப்பிடி ஐயா சரியாகும்?"

"பிள்ளையார் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

மிச்சம் அவர் தேநீர் ஆறுவதற்குள் முடிந்த வேலை. கணினியை நிறுத்தித் தொடக்கினார். முதல் திரையில் ஒரு விசை. ஒரு வரியின் கடைசியில் ஒரு சிறு துண்டு. கறுப்புத் திரையில் ரூட்டின் அடையாளம் வந்து நின்றது. எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. இரண்டு ஒன்றியங்கள் காத்த வாசல் அது. அருந்ததி முறைப்பாட்டுக் கோப்பைக் காலி செய்தார், புதிய கடவுச்சொல் ஒன்றைத் தான் தனியாக வைத்தார், கணினியைச் சாதாரணமாகத் தொடக்கினார். டொங்கிளின் வெளிச்சம் பச்சையாக மினுங்கத் தொடங்கியது. செய்தி போகிறது. மூன்று நாளுக்குப் பிறகு முதுகைக் கதிரையில் சாய்த்தார்.

வெளிச்சம் மினுங்கிக்கொண்டே இருந்தது. கடைசி வாய்க்காலில் இருப்பது கொஞ்சக் குடும்பம்தான். இவ்வளவு மினுங்கல் அதற்குத் தேவையில்லை. அருந்ததி நிமிர்ந்து இருந்து பார்த்தார். வட்டு நிரம்பிக்கொண்டு வந்த நாட்களில் முதல் மூன்று வாய்க்கால்களுக்கும் செய்தி போயிருந்தாலும், போய்விட்டது என்று குறித்து வைக்கக் கணினிக்கு இடம் இருக்கவில்லை. ஆகவே அவை போகவில்லை என்றே அது நினைத்துக்கொண்டிருந்தது. இப்போது இடம் கிடைத்ததும் மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு நான்கு வாய்க்காலுக்கும் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் "நாளை காலை ஏழு மணிக்கு உங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர்." திகதி போடவேண்டும் என்று எழுதினவர்களுக்குத் தோன்றவில்லை. கனடாவில் தண்ணீர் குழாயில் வருகிறது.

அனுப்புவதை நிறுத்தியபோது எல்லாச் செய்தியும் போய்விட்டிருந்தது. முன் வந்த செய்தி பிழை என்று புதுச் செய்தி ஒன்றைத் தட்டத் தொடங்கினார். பாதியில் கரண்ட் போனது. கணினிக்குக் கீழே இருந்த மின்கலப் பெட்டி பசித்த குஞ்சு மாதிரிக் கொஞ்ச நேரம் கத்தியது, பிறகு அதுவும் போனது.

கைப்பேசியில் ஆட்களை அழைத்தார். முதலாம் வாய்க்காலில் ஒருவர் சிரித்தார்: "பிள்ளை, மெசேஜ் வந்திட்டுது. இனி உன்ர கதை என்னத்துக்கு?" கனகலிங்கத்தை அழைத்தார். அவருக்கு முதலாம் வாய்க்காலில் வயல். "எனக்கும் வந்தது" என்றார். குரலில் வருத்தம் இருந்ததாகச் சொல்லமுடியாது.

வியாழன் காலை ஏழு மணிக்கு முன்பே நான்கு வாய்க்கால்காரர்களும் கதவடியில் நின்றார்கள். மேலே மூன்று கதவு திறந்தால் கடைசிக்குத் தண்ணீர் போகாது என்பது அங்கே நின்ற மாடுகளுக்கும் தெரியும். நிருஷன் திறப்புக் கோர்வையோடு நடுவில் நின்றான். ஆளுக்காள் கைப்பேசியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்கள்.

அருந்ததி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அணைக்கட்டில் ஏறினார். "எல்லாரும் கேளுங்கோ. இண்டைக்குக் கடைசி வாய்க்காலுக்கு மட்டும்தான். மற்ற மெசேஜெல்லாம் பழசு. மெசின் பிழையா அனுப்பினது."

"மெசின் பிழை விடுமோ?" என்று ஒருவர் கேட்டார்.

"போன கிழமை உங்களுக்கெல்லாம் தண்ணி பாஞ்சதுதானே. உங்கட வயலுக்குள்ள இப்பவும் நிக்குதே."

"அது போன கிழமைத் தண்ணி. இது இந்தக் கிழமை மெசேஜ்."

"அக்கா," என்றான் நிருஷன், "நாலு பேருக்கும் வந்திருக்கு. தீர்மானப்படி நான் நாலையும் திறக்கோணும்."

"தீர்மானம் எழுதினது நானடா."

"அதுதான் அக்கா நானும் சொல்லுறன்."

வீரகத்தி மண்வெட்டியை ஊன்றி, அதன் பிடியில் நாடியை வைத்துக்கொண்டு, மூடிக்கிடந்த கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். கதைத்துப் பழகிய ஆளாக இருந்திருந்தால் ஒருவேளை கடைசி வாய்க்காலில் வயல் எடுத்திருக்கமாட்டார்.

அப்போது கோயில் ஒலிபெருக்கி இருமிவிட்டுப் பாடத் தொடங்கியது. கரண்ட் வந்துவிட்டது. அருந்ததி ஸ்கூட்டியில் ஏறினார். நிருஷனைப் பார்த்து, "சரியா ஏழுக்குத்தானே திறப்பாய்? ஏழுக்கு முதல் திறக்காதை" என்று மட்டும் சொன்னார். சட்டத்தை மீறாத பிள்ளைகளை அப்படித்தான் பயன்படுத்தவேண்டும்.

அலுவலகத்தில் கணினி உடனே எழும்பவில்லை. திடீரென்று நின்றபடியால் வட்டைச் சரிபார்க்கிறேன் என்றது. நூற்றுக்கு இத்தனை வீதம், இன்னும் இத்தனை வீதம் என்று நெல்லில் கல் பொறுக்குவது போலப் பார்த்தது. லினக்ஸுக்கு அவசரம் தெரியாது. அருந்ததி அதற்கு முன்னால் நின்றபடி, ஒரு பெண் பிள்ளை பொது இடத்தில் சொல்லக்கூடாத சொற்கள் சிலவற்றை வரிசையாகச் சொன்னார். கணினி அவற்றைப் பதியவில்லை. அதற்கு மட்டும் நன்றி.

திரை வந்ததும் நின்றபடியே தட்டினார். அணைக்கட்டில் ஏறி நின்று சொன்ன அதே சொற்கள். "இன்று கடைசி வாய்க்காலுக்கு மட்டும் தண்ணீர். மற்றச் செய்திகள் பழையவை." இந்தத் தடவை திகதியையும் போட்டார். எல்லா எண்களுக்கும் அனுப்பினார்.

திரும்பிக் கதவடிக்கு வந்தபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. முதலாம் வாய்க்கால்காரர்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. "மாத்தி வந்திட்டுது" என்று ஒருவர் அருந்ததிக்கே சொல்லிவிட்டுப் போனார், அவருக்கு விஷயம் தெரியாது என்று நினைத்து. கனகலிங்கம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிச் செய்தியை இன்னொரு தடவை வாசித்துவிட்டு, "இப்ப தெளிவா இருக்கு" என்றார். நிருஷன் மேல் மூன்று கதவுகளின் பூட்டையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கடைசி வாய்க்காலைத் திறந்துவிட்டான்.

தண்ணீர் கடைசி வயலுக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் எடுத்தது. அருந்ததி அதனோடு கூடவே வரம்பால் நடந்தார். எங்காவது யாராவது இடையில் வெட்டிவிடுவார்கள் என்ற பயம். ஒருவரும் வெட்டவில்லை. செய்தி வந்திருக்கிறதே.

வீரகத்தி வயல் வாயைத் திறந்துவிட்டார். வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கிக் குமிழி விட்டது. அவர் குனிந்து ஒரு கதிர்க்குடலையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"நல்ல மெசின் பிள்ளை. கனடாப் பொடியள் எங்களை மறக்கேல்லை."

"ஓம் அண்ணை."

"நீ காலமை வந்து அந்தச் சனத்துக்குள்ள நிண்டு தொண்டை கிழியக் கத்தினது வீண்வேலை. நேர மெசினிட்டயே போயிருக்கலாம்."

அருந்ததியின் கைப்பேசி அதிர்ந்தது. செந்தூரன். யாரோ சொல்லிவிட்டார்கள். அது நிற்பதற்குள் நிஷாந்தனின் அழைப்பும் வந்தது. இருவருக்கும் ஒரே கேள்விதான் இருக்கும்: புதுக் கடவுச்சொல் என்ன? நெடுநாளைக்குப் பிறகு இருவரும் ஒன்றை ஒரே நேரத்தில் விரும்பியிருந்தார்கள்.

"ஆர் பிள்ளை?" என்றார் வீரகத்தி.

"கனடா."

"அப்ப எடு. நான் நன்றி சொன்னதெண்டு சொல்லு."

அருந்ததி கைப்பேசியைச் சத்தமில்லாமல் பண்ணிக் கைப்பைக்குள் போட்டார். செருப்பைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு வயலுக்குள் இறங்கினார். தண்ணீர் கணுக்கால் வரை வந்திருந்தது.

"அந்தப் பக்க மூலைக்கு இன்னும் ஏறேல்லை அண்ணை" என்றார். "மண்வெட்டியை இஞ்ச தாங்கோ."